துட்டுக்கு வாய் முளைச்சிட்டு

ஏலே மக்கா, பையில பத்துப் பைசா கிடையாது, ஆனா மெட்ராஸ்லருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் சொகுசா வந்து எறங்கிட்டேன்னு பீத்திக்கிட்டு நிக்க. கேட்டா, "தாத்தா, இப்பல்லாம் துட்டைத் தொடவே வேண்டாம்"ங்க. நல்லது. அந்தக் காலத்துல துட்டைத் தொடாம இருக்கணும்னா காவி கட்டிக்கிட்டுக் காசிக்குப் போவணும். இப்ப ஒரு செல்போன் இருந்தாப் போதும், வீட்டுல இருந்தே சாமியார் ஆயிரலாம்.

எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாதுன்னு ஒனக்கு நெனைப்பு. அது அப்படியே இருக்கட்டும். கெழவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைச்சாத்தான் எவனும் என் முன்னால வாயைத் தொறந்து பேசுவான். அப்படிக் காதைத் தீட்டி வச்சுக்கிட்டுக் கேட்டதுல எனக்கு வெளங்கினது ஒண்ணே ஒண்ணு. முந்தி துட்டு ஊமை. என் கையிலருந்து ஒன் கைக்கு வந்தா எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், மூணாம் ஆளுக்குத் தெரியாது. இப்ப துட்டுக்கு வாய் முளைச்சிட்டு. நீ கொடுக்கிற ஒவ்வொரு ரூவாயும் போற எடத்துலயெல்லாம் ஒன்னைப் பத்திப் பேசிக்கிட்டேதான் போவுது. யார்கிட்ட பேசுது, என்ன பேசுதுன்னு தெரிஞ்சுக்காம நீ பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்க.

மார்க்கெட்டுல கறிவேப்பிலை, கொத்தமல்லி வச்சிருக்க அம்மாகிட்ட போய் நில்லு. பத்து ரூவாய்க்கு வாங்கிட்டுப் போனைக் காட்டுதான் ஒருத்தன். சாக்குப் பைக்குப் பக்கத்துல ஒரு டப்பா. ரேடியோவுல செய்தி வாசிக்கிற குரல்ல, "பத்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு தெரு முச்சூடும் கேக்கச் சொல்லுது. அதே டப்பா பக்கத்து நகைக் கடையில இருந்தா என்ன ஆவும்னு யோசிச்சுப் பாரு. ஆனா ஒண்ணு, அந்த டப்பா இல்லாட்டி அந்த அம்மா என்னைக்கோ கடையை மூடியிருப்பா. முந்தா வாரம் அனுப்பின பச்சை டிக்கை இன்னைக்கும் காட்டிட்டுப் போற பெரிய மனுசன்மாரு நம்ம ஊர்லயும் உண்டு. எவனோ ஒருத்தன், துட்டு போனது மாதிரியே படம் காட்டுற போலி ஆப்பு கூடச் செஞ்சு விட்டிருக்கான். அந்த அம்மா கண்ணு கட்டை எண்ணுறதுல இருக்கும், ஒன் போனை உத்துப் பாக்க நேரம் இருக்காது. அதான் கண்ணுக்குப் பதிலாக் காதை வச்சுக்கிட்டா. டப்பா பேசலைன்னா அந்த அம்மா பையைத் தரமாட்டா. நீ "நான் அனுப்பிட்டேன், நான் அனுப்பிட்டேன்"னு கத்தினாலும் தரமாட்டா. தரவும் கூடாது.

கோயில் வாசல்ல பூக்காரி வச்சிருக்க கியூஆர் அட்டையைப் பாத்திருக்கியா? மஞ்சளும் குங்குமமும் அப்பி, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு ஓரமெல்லாம் உப்பி, அங்கங்க கட்டம் அழிஞ்சு கெடக்கும். இருந்தும் ஒன் போனு படிச்சிருது. அந்தக் கட்டத்தை ஜப்பான்ல மசாஹிரோ ஹராங்கிற ஒருத்தர், டென்சோ கம்பெனிக்காக 1994ல செஞ்சார். கார் தொழிற்சாலையில சாமானுக்கு அடையாளம் ஒட்டத்தான் செஞ்சது. கையில எண்ணெய்ப் பிசுக்கோட வேலை பாக்கிற எடம்னு தெரிஞ்சே, கொஞ்சம் அழிஞ்சாலும் படிக்கிற மாதிரி வச்சிருக்கார். கெட்டியான வகையில நூத்துக்கு முப்பது பாகம் போனாலும் படிக்குமாம். நாலு மூலையில மூணு மூலைக்குத்தான் பெரிய கட்டம் இருக்கும், நாளைக்குப் போய் எண்ணிப் பாரு. எது மேல, எது கீழன்னு போனுக்குச் சொல்லுறது அந்த மூணுதான். அதனாலதான் நீ தலைகீழா நின்னு காட்டினாலும் அதுக்குக் கோவம் வரலை.

சரி, அழிஞ்சதைப் படிச்சிரும். ஆனா நல்ல அட்டைக்கு மேல ராத்திரியோட ராத்திரியா எவனாவது தன் அட்டையை ஒட்டிட்டுப் போனா? அதையும் சமத்தாப் படிச்சிரும்! அதுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அதுக்குத்தான் துட்டு வாங்குறவன் பேரை ஆப்பு காட்டுது. 2025 ஜூன் மாசக் கடைசிக்குள்ள, பேங்குல பதிஞ்சிருக்க பேரைத்தான் திரையில காட்டணும்னு எல்லா ஆப்புக்கும் உத்தரவு போட்டாங்க. பூக்காரி பேரு வரணும், இல்ல அவ புருசன், மகன் பேரு வரணும். வடக்கத்திப் பேரு ஒண்ணு வந்து நின்னா, "ஏம்மா, ஒங்க வீட்டுல இப்படி ஒருத்தர் உண்டா?"ன்னு வாயைத் தொறந்து கேளு. நீ கேக்க மாட்ட. ஒனக்குப் பேரைப் பாக்கவே நேரமில்ல. துட்டு கொடுக்க ரெண்டு விநாடி, அதை ஏன் கொடுத்தோம்னு யோசிக்க ரெண்டு மாசம்.

இந்தக் கூத்துக்கு விதை போட்டது 2016 ஏப்ரல்ல. ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னரா இருந்தப்ப யூபிஐயைத் தொடங்கி வச்சார். அப்ப யாரும் சீண்டலை. அந்த நவம்பர் 8ந் தேதி ராத்திரி 500ம் 1000மும் செல்லாதுன்னு டிவியில சொன்னாங்க பாரு, பேங்கு தொறந்த அன்னைக்கு ஊரே அது வாசல்ல. ஒங்க ஆச்சி அரிசிப் பானைக்குள்ள இருந்து எடுத்த கட்டைப் பாத்து நான் ஒரு நாள் பூரா பேசலை. அம்புட்டுத் துட்டு நம்ம வீட்டுல இருந்திருக்கு, நான் ஊர்பூரா கடன் கேட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கேன்! அன்னைக்குத் தொடங்கின ஓட்டம், 2025 ஆகஸ்டு மாசம் மட்டும் 2,000 கோடி தடவைக்கு மேல யூபிஐயில துட்டு கை மாறியிருக்கு. அதுல நீ குடிச்ச டீ எத்தனைன்னு ஒங்கம்மாவுக்குத் தெரியாது. பேங்குக்குத் தெரியும்.

இந்த ஆப்புக்காரன் ஒன் துட்டை வச்சிருக்கான்னு நெனைக்காத. துட்டு ஒன் பேங்குல இருக்கு, அங்கனயிருந்து கடைக்காரன் பேங்குக்குப் போவுது. ஆப்புக்கு வெறும் தூது போற வேலை. சாதாரணமா பேங்கு கணக்குலருந்து அனுப்புறதுக்கு 2020லருந்து கடைக்காரன்கிட்டயும் கமிசன் கிடையாது, ஒன்கிட்டயும் கிடையாது. அப்ப ஓசியில ஏன்டா செய்யுதான்? நம்ம ஊர்ல ஓசியில முடி வெட்டி விடுதேன்னு ஒருத்தன் வந்தா முதல்ல கத்திரியைப் பாக்கணும். துட்டு அனுப்பி முடிச்ச உடனே அடியில பாரு: ஒனக்கு லோன் ரெடி, தங்கம் வாங்கு, இன்சூரன்சு போடு. நீ எங்கன என்ன தின்ன, எந்த மாசம் எத்தனாந் தேதிக்கு மேல கை கடிக்குன்னு துட்டு அவன்கிட்ட சொல்லிட்டு. அவன் சரியா இருவத்தஞ்சாந் தேதி லோன் காட்டுவான். ஒங்க அப்பனுக்குக் கூட ஒன் கஷ்டம் அவ்வளவு துல்லியமாத் தெரியாது.

இதுல எனக்குத்தான் பெரிய நட்டம் மக்கா. எங்க காலத்துல மனுசனைக் காப்பாத்தினது ஒரே ஒரு பொய்: "கையில காசில்லையே". சொந்தக்காரன் கைமாத்துக் கேட்டு வந்தா, வேட்டி மடிப்பைத் தட்டிக் காட்டி, "நேத்து வந்திருந்தா இருந்துது"ம்போம். அவனுக்கும் அது பொய்யின்னு தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மோர் குடிச்சிட்டு மரியாதையாப் போயிருவான். இப்ப என் மச்சினன் வாறான். "கையில காசில்லை மாப்ள"ன்னு சொல்லி முடிக்கல, "அதுக்கென்ன அத்தான், ஜிபே பண்ணிருங்க"ங்கான்! அம்பது வருசம் வேலை செஞ்ச பொய்யி அன்னைக்கே செத்துப் போச்சு. நல்லவேளை, அதுக்குப் பதில் ஒண்ணு பொறந்திருக்கு: "சர்வர் டவுனு". நம்ம ஊர்ல மழை பேஞ்சாலும் பேயாட்டாலும் மச்சினன் வாற நேரத்துல மட்டும் சர்வர் கெடந்து படுத்துரும்.

"சில்லறை இல்லை"ங்கிற பொய்யும் அதே நாள்ல செத்துட்டு. அதுக்கு நான் அழமாட்டேன். பாக்கி ரெண்டு ரூவாய்க்கு மிட்டாயைத் திணிச்சே மாடி வீடு கட்டின கடைக்காரன்லாம் உண்டு. அதே மிட்டாயைத் திருப்பிக் கொண்டு போய் நீட்டினா வாங்குவானா? கண்டக்டரு டிக்கெட்டுக்குப் பின்னால பாக்கியை எழுதித் தருவார். எறங்குற எடத்துல கூட்டத்துல அவரைத் தேடுறதுக்குள்ள பஸ்ஸு விசில் அடிச்சிரும். இப்ப பதினேழு ரூவான்னா பதினேழு. இதுல நான் போனு கட்சி.

மொய்யும் மாறிட்டு. 2021ல மதுரையில ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே கியூஆர் கட்டத்தை அச்சடிச்சாங்க, கொரோனாவுக்கு வர முடியாதவன் இருந்த எடத்துலருந்தே செஞ்சுக்கட்டும்னு. படிச்சுட்டு ஊரே சிரிச்சுது, பொறவு ஊரே அதைச் செஞ்சுது. 501 எழுத ஒரு ரூவா நாணயத்தைத் தேடி வீடு பூரா உருட்ட வேண்டாம், போனு தானாப் போடும். ஆனா முந்தி கவருக்குள்ள வெறும் நூறை வச்சு, பேரை மறந்த மாதிரி எழுதாம விட்டு, மூணு பந்தி சாப்பிட்டு வந்தவன்லாம் இப்ப மாட்டிக்கிட்டான். பேரும் போவுது, நேரமும் போவுது, தொகையும் போவுது. சாமி உண்டியலுக்குப் பக்கத்துல கூட அட்டை ஒட்டியாச்சு. ரகசியமா வேண்டிக்கிட்டுப் போட்ட துட்டுக்குப் பொண்டாட்டி போனுக்கு மெசேஜ் வந்தா, என்ன வேண்டுதல்னு அவகிட்டயும் சொல்லியாவணும்.

துட்டு அரசாங்கத்துக்கிட்டயும் பேசும். 2025 ஜூலையில பெங்களூர்ல என்ன ஆச்சு? டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடைக்காரனுக்கெல்லாம் வரி நோட்டீஸு. எத்தனை லட்சம் யூபிஐயில வந்திருக்குன்னு பாத்துக் கணக்குப் போட்டு அனுப்பிட்டாங்க. உடனே நெறைய பேரு அட்டையைக் கிழிச்சுட்டு "ரொக்கம் மட்டும்"னு எழுதித் தொங்க விட்டாங்க. அதுல கடைக்காரனோட சொந்தக்காரன் அனுப்பின கைமாத்தும் சேந்தே எண்ணியிருக்குன்னு அவுக கத்தினாங்க. வாய் முளைச்ச துட்டுக்கு வியாபாரம் எது, கைமாத்து எதுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியாது. நாளைக்கு நீ கடை போட்டா, கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்குன்னு ரெண்டாப் பிரிச்சு வச்சுக்கோ. இதைச் சொல்லுறதுக்கு ஆடிட்டர் ஆயிரக்கணக்குல வாங்குவான்.

பயணத்துக்கு வருவோம். மெட்ராஸ்ல ஒனக்கு யோகம். மெட்ரோவுல 2023லருந்து சிங்காரச் சென்னை அட்டை, 2025 சனவரியில அதே அட்டையை டவுன் பஸ்ஸுலயும் தட்டலாம்னுட்டாங்க. செப்டம்பர்ல சென்னை ஒன்னுன்னு ஒரு ஆப்பு வேற, பஸ்ஸு, மெட்ரோ, எலக்ட்ரிக் டிரெயின் மூணுக்கும் அதுலேயே டிக்கெட்டு. நீ தட்டிக்கிட்டுப் போ. ஆனா ஒங்க ஆச்சிகிட்ட மட்டும் இதைப் பத்திப் பெருமை பேசாத. அவளுக்கு 2021லருந்து சாதா டவுன் பஸ்ல டிக்கெட்டுக்குத் துட்டே கிடையாது. அட்டையும் வேண்டாம், போனும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம், ஏறி ஜன்னலோரம் உக்காந்தாப் போதும். துட்டைத் தொடாமப் போறதுல அவளை எவனும் மிஞ்ச முடியாது.

ஒரு விசயம் கேட்டுக்கோ. தட்டினா போற பேங்கு அட்டையில, ஒரு தடவைக்கு 5,000 ரூவா வரைக்கும் பின்னு கேக்காது. நாலு எண்ணு கேக்குறது ஒனக்கு எரிச்சலா இருக்கும், ஆனா ஒன் அட்டை இன்னொருத்தன் கையில கெடைச்சா அந்த எண்ணுதான் ஒனக்குக் காவல். பேங்கு ஆப்புலயே தட்டுற வசதியை மூடலாம், தொறக்கலாம், எவ்வளவு வரைக்கும்னு குறைச்சும் வைக்கலாம். வேண்டாத நேரம் மூடி வை. மெட்ரோ அட்டையில ஏத்தி வச்ச துட்டு அட்டையோட சேந்து தொலையும், அதுல மாசச் சம்பளத்தை ஏத்தாத.

கார்ல வந்தா டோல்கேட்டு. பாஸ்டேக் இல்லாம வந்து ரொக்கத்தை நீட்டினா ரெண்டு மடங்கு வாங்கினாங்க. 2025 நவம்பர் 15லருந்து, அதே ஆளு யூபிஐயில கட்டினா ஒண்ணே கால் மடங்குதான்னு ஆக்கினாங்க. நல்ல நோட்டைக் கையில வச்சிருக்கவனுக்குத்தான் கூட அபராதம்! காந்தித் தாத்தா சிரிச்சுக்கிட்டே இருக்கார் நோட்டுல, அவருக்கு என்ன தெரியும்.

எங்க பக்கம் கதை வேற. பாபநாசத்துக்கு மேல மலைப்பாதையில ரெண்டு வளைவு ஏறினா போனு வாயடைச்சுப் போவும். பஸ்ல கண்டக்டர் மெசினை நீட்டுதார், ஒன் போன்ல வட்டம் சுத்துது, சுத்துது, அடுத்த நிறுத்தமே வந்துட்டு. பின்னால நிக்கிற கெழவி, "அந்தப் புள்ளைக்கும் சேத்து நான் தாரேன் ஐயா"ங்கா. இருவது ரூவாயில மானம் போவுதே மக்கா! மணிபர்சுல ஒரு 500, ரெண்டு 50 மடிச்சு வை. அதை எடுத்துச் செலவழிக்கவும் செய்யாத, அது மானத்துக்கு.

துட்டு ஒன் கணக்குல கழிஞ்சு, கடைக்காரனுக்குப் போவாம நடுவுல நின்னுச்சுன்னா அவன்கூட சண்டைக்குப் போவாத. அவன்கிட்ட இல்லை, நெசமாவே இல்லை. ஆளுக்கு ஆள் அனுப்பினதுன்னா மறுநாளுக்குள்ள தானாத் திரும்பணும், கடைக்குன்னா அஞ்சு நாளுக்குள்ள. அதுக்கு மேல தாமதமானா ஒரு நாளைக்கு 100 ரூவா பேங்கு ஒனக்குத் தரணும்னு ரிசர்வ் வங்கி 2019லயே சொல்லியாச்சு. பேங்குக்காரன் அதைத் தானா வந்து சொல்ல மாட்டான். நீயாக் கேளு.

டீக்கும் வடைக்கும் நூறு தடவை பின்னு அடிச்சு, மாசக் கடைசியில பாஸ்புக்கு ராமாயணம் மாதிரி நீளுதுன்னு புலம்புதியே, யூபிஐ லைட்டு போட்டுக்கோ. ஆச்சி இடுப்புல சொருகியிருக்க சுருக்குப்பைதான் அது. பெட்டியிலருந்து கொஞ்சம் எடுத்து அதுல போட்டுக்கிட்டா, சின்னச் செலவுக்கெல்லாம் பெட்டியைத் தொறக்க வேண்டாம். 5,000 வரைக்கும் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின்னு இல்லாமப் போவும். பை தொலைஞ்சா பைக்குள்ள இருந்ததுக்குத்தான் ஆபத்து, அதனால அளவாப் போடு.

இனிமே சொல்லுறதை மட்டும் சிரிக்காமக் கேளு. முந்தி ஒரு நாள் எனக்கு ஒருத்தன் போன் பண்ணினான். கேஸ் மானியம் வந்திருக்காம், ஒரு மெசேஜ் வரும், அதை அமுத்தி என் பின்னைப் போட்டா துட்டு வந்து விழுமாம். "தம்பி, நீ எனக்குத் தரப்போறியா, நான் ஒனக்குத் தரப்போறேனா?"ன்னேன். "நாங்கதான் ஐயா தரப்போறோம்"ங்கான். "அப்ப ஒன் பின்னைப் போடு, என் பின்னு எதுக்கு?"ன்னு கேட்டேன். வச்சிட்டான். நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கலை. பாவம், வேற சோலி இருந்திருக்கும். துட்டு வாங்குறதுக்குப் பின்னு வேண்டவே வேண்டாம், கொடுக்குறதுக்குத்தான் வேணும். இந்த ஒண்ணு தெரியாம எத்தனை படிச்ச புள்ளைய ஏமாந்துட்டு! ஆளுக்கு ஆள் "இம்புட்டுத் தா"ன்னு கேட்டு மெசேஜ் அனுப்புற வசதியை 2025 அக்டோபர்ல நிறுத்தியாச்சு. அதுக்காகத் திருடன் வேலையை விட்டுட்டு விவசாயத்துக்கா வரப்போறான்? இப்ப, "ஒரு ஆப்பு போடுங்க, ஒங்க திரையை நான் பாத்துச் சரி பண்ணுதேன்"ங்கான். ஒன் அடுக்களையையே எட்டிப் பாக்க விடமாட்ட, போனைக் காட்டுவியா?

யூபிஐ வட்டம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? ஒன் கணக்குலருந்து வீட்டு ஆளு ஒருத்தரு செலவு பண்ணிக்கலாம். முழு அனுமதி கொடுத்தா மாசத்துக்கு 15,000 வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை. பேங்கு கணக்கு இல்லாத வயசானவங்களுக்குன்னு யோசிச்சுச் செஞ்சிருக்காங்க, நல்ல மனசு. நான் என்னைச் சேத்துக்கோன்னு கேக்கலை மக்கா. இப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லி வைக்கேன், அவ்வளவுதான். என் பட்டன் போன்லயும் 123பேன்னு 2022லருந்து இருக்கு, நெட்டு வேண்டாம், ஒரு நம்பருக்குக் கூப்பிட்டு எண்ணை அமுத்தினாத் துட்டு போவும். உரக் கடைக்காரனுக்கு நான் அதுலதான் கொடுக்கேன். நீ எனக்குப் போன் பண்ணக் கத்துத் தாரேன்னு வந்தப்ப நான் ஒண்ணும் சொல்லலை, ஒன் சந்தோசத்தை ஏன் கெடுக்கணும்னு.

கடைசியா ஒண்ணு. துட்டு திருட்டுப் போனா உடனே 1930க்குப் போன் போடு. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சொன்னா, அது அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வழி உண்டு. போனே தொலைஞ்சா பேங்குக்குச் சொல்லு, சிம்மை மூடு. 1930ஐயும் பேங்கு நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, அந்த 500 ரூவாயோட சேத்து மணிபர்சுல வை. போனுக்குள்ள பதிஞ்சு வச்சிருக்கேன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத. போனே போன பொறவு, அதை எங்கன போய்ப் பாப்ப?